மூச்சு மொய்

கடையைத் திறந்ததும் சுடர்க்கொடி முதல் வேலையாகக் கதவுக்கு மேலே இருந்த மூச்சுமானியின் கண்ணாடியைத் துடைத்தாள். பிறகு யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, நுனிக்காலில் எழும்பி, நெஞ்சு நிறைய இழுத்த மூச்சை அதன் முகத்திலேயே ஊதினாள். முள் அசையவில்லை. கடைக்காரரின் மூச்சு எது, வந்தவரின் மூச்சு எது என்று அதற்குத் தெரியும். தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் அந்த ஊரில் கடை வைத்திருந்த அத்தனை பேரும் தினமும் காலையில் ஒரு தடவை ஊதிப் பார்க்காமல் இருந்ததில்லை.

வெளியே அழைப்புக் குரல்கள் தொடங்கிவிட்டன.

"அண்ணே, ஒண்ணும் எடுக்க வேண்டாம். சும்மா உள்ள வந்து நாலு மூச்சு விட்டுட்டுப் போங்க!"

"அக்கா, கொட்டாவி விடுறதுன்னா இங்க வந்து விடுங்க!"

ஊரின் பெயர் குழாயூர். நிலாவின் அடியில், எந்த யுகத்திலோ எரிமலைக் குழம்பு ஓடி வடிந்த நீண்ட குகைகளுக்குள் அது அமைந்திருந்தது. அங்கே தெருக்கள் இல்லை, குழாய்கள்தான். குழாய்களின் பக்கவாட்டில் தேன்கூட்டு அறைகள் போலக் கடைகளும் வீடுகளும். வானம் என்று ஒன்று இல்லாததால் கூரையில் விளக்கை ஏற்றிக் காலை என்றார்கள், அணைத்து இரவு என்றார்கள். காற்றும் அப்படிச் செய்துகொண்டதுதான். பாறையை அரைத்து, உருக்கி, அதற்குள் சிறைப்பட்டிருந்த உயிர்வளியைச் சொட்டுச் சொட்டாகப் பிரித்தெடுக்க வேண்டும். ஆகவே ஊர் தொடங்கிய காலத்திலேயே எல்லாரும் கூடி ஒரு விதி செய்தார்கள்: மூச்சு இருக்கும் இடத்துக்குக் காற்று. ஆள் வராத அறைக்குக் காற்று கிடையாது.

விதியைக் காத்துவந்தது காற்றவை. பெயர் அவை என்றாலும் அதில் மனிதர் யாரும் இல்லை. கோபமோ ஆசையோ இல்லாத ஒரு கணிப்பொறி மனம். காலாண்டுக்கு ஒருமுறை எல்லா மூச்சுமானிகளையும் அது படித்துப் பார்க்கும். வீடென்றால் குடியிருப்பவர்களின் மூச்சு, கடையென்றால் வந்தவர்களின் மூச்சு. முள் போதிய அளவு ஏறாத அறையிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்துக்கொண்டு கதவை அடைத்துவிடும். பிறகு அந்த அறையில் பாறைத்தூளைக் கொட்டி வைப்பார்கள். அடைப்பதற்கு முன் உரியவருக்கு மரியாதையாக வருத்தம் தெரிவிப்பது அதன் வழக்கம்.

சுடர்க்கொடிக்கு அந்த வருத்தம் போன வாரம் வந்திருந்தது. இந்தக் காலாண்டு முடிவதற்குள் முள் ஏறாவிட்டால் கடையை அடைத்துவிடும்.

அவள் உள்ளுறை தைப்பவள். நிலாவின் மேற்பரப்பில் வேலை செய்பவர்கள் அணியும் வெளியுடை உறுதியானது, கனமானது, இரக்கமற்றது. அக்குளிலும் தொடையிலும் உரசி உரசித் தோலை எடுத்துவிடும். அதற்காக உள்ளே பருத்தியில் ஓர் உறை அணிவார்கள். இயந்திரம் தைத்த உறைகளும் கிடைத்தன. ஆனால் சுடர்க்கொடி ஆளைக் கையைத் தூக்கச் சொல்வாள், குந்தச் சொல்வாள், பாறையைத் தோண்டுவது போலக் குனியச் சொல்வாள், அந்தந்த நிலையில் அளவெடுப்பாள். அவளுடைய உறையில் ஒரு குறை உண்டு. அது கிழிவதில்லை. ஒருமுறை வந்தவர் இரண்டு வருடத்துக்கு அந்தப் பக்கம் தலைவைப்பதில்லை. முள் எப்படி ஏறும்?

"நீ கொஞ்சம் மோசமாத் தைச்சாத்தான் நாம பொழைக்க முடியும் போல" என்றான் மருதையன். அவளுடைய கணவன். மேலே பாறை தோண்டும் கூட்டத்தில் வேலை.

"சரி. உங்களுதுல இருந்து ஆரம்பிக்கேன்."

"ஏ, என்னைய விட்ரு. நான் சொல்லுதேன் கேளு, கடை போச்சுன்னா வீட்டுல வச்சுத் தைக்க முடியுமா? ரெண்டு கட்டிலுக்கு நடுவுல ஒரு ஆளு கையத் தூக்கி நிக்க முடியாது. பேசாம ஒரு கூட்டக்காரனப் பிடி."

வலைவிளம்பர நிறுவனங்களைத்தான் ஊரில் கூட்டக்காரர்கள் என்பார்கள். சுடர்க்கொடிக்கு அவர்களைக் கண்டால் பயம். ஆனால் கடைக்குள் பாறைத்தூள் கொட்டிக் கிடப்பதை நினைத்தபோது அதைவிடப் பயமாக இருந்தது. அந்த ஆறடி அறையில்தான் அவள் ஒரு மனிதனின் தோள் எங்கே மடங்குகிறது என்று கண்டுபிடிக்கும் ஆனந்தத்தை அனுபவித்திருக்கிறாள். தன் கை வளையைத் தட்டி, 'என் கடைக்கு ஒரு விளம்பர நிறுவனம் தேவை' என்று வலையில் ஒரே ஒரு வரி சொன்னாள். வளையிலிருந்து விரலை எடுப்பதற்குள் தேநீர்க் கெண்டி பேசத் தொடங்கிவிட்டது.

"வணக்கம் அம்மா. நாங்கள் எட்டுத்திக்கு நிறுவனம். மக்களின் கனவுகளுக்குள் நுழைகிறோம். தூங்குகிறவருக்கு அக்குளில் லேசான அரிப்பு தருவோம். அதே கணத்தில் உங்கள் முகம் தோன்றிப் புன்னகை செய்யும்."

"என்னைய நெனச்சா எல்லாரும் சொறிவாங்களா?"

"இல்லை அம்மா. சொறியும்போதெல்லாம் உங்களை நினைப்பார்கள்."

அவள் கெண்டியை அணைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

அடுத்து வந்தது உயர்வு நிறுவனத்தின் இயந்திரப் பெண். கொசுவம் கலையாத புடவை, கண்ணை உறுத்தாத புன்னகை. ஓர் உள்ளுறையை வாங்கி இழுத்துப் பார்த்தது. முறுக்கிப் பார்த்தது. "பொருளில் பிழை இருக்கிறது. நீடிக்கிறது" என்றது. வியர்வை பட்டால் ஒரு மாதத்தில் கரையும் நூல் ஒன்று தங்களிடம் இருப்பதாகவும், விளம்பரத்தை அதிலிருந்து தொடங்கலாம் என்றும் சொன்னது.

"நூலு கரைஞ்சா போட்டிருக்கவன் தோலு உரியுமே?"

"ஆமாம். அதனால்தான் அவர் திரும்பி வருவார்."

சுடர்க்கொடி எழுந்து கதவைத் திறந்துவிட்டாள். அது வாசலில் நின்று, தங்கள் சேவையை மதிப்பிட்டு ஐந்து விளக்கு ஏற்றும்படி பணிவாகக் கேட்டுக்கொண்டு போனது.

மூன்றாவதாக வந்தவர் மனிதர். வேர்த்து விறுவிறுத்து, மூச்சு வாங்க உள்ளே வந்து, கேட்காமலேயே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெயர் ஆரோக்கியசாமி. நிறுவனத்தின் பெயர் சுற்றம். பேசுவதற்கு முன் நிதானமாக நாலைந்து மூச்சு இழுத்து விட்டார். கதவுக்கு மேலே முள் மெல்ல அசைந்தது. அவள் அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"தங்கச்சி, கல்யாண வீட்டுல மொய் எழுதுவோம்லா? நான் உனக்கு எழுதுனா நீ எனக்கு எழுதணும். அதேதான் இது. காசுக்குப் பதிலா மூச்சு. நம்ம சுற்றத்துல இருக்க கடைக்காரவுக உன் கடைக்கு வந்து மூச்சு விடுவாவ, விளக்கு ஏத்துவாவ. நீ ஒரு நா அவுக கடைக்குப் போயிட்டு வருவ. அவ்வளவுதான்."

"அப்ப அது பொய்க் கூட்டம்லாண்ணே?"

"மொய் எழுதுறது பொய்யா? உன் கல்யாணத்துக்கு எத்தன பேரு வந்தாவ?"

"ஊரே வந்துச்சு."

"அதுல உன் மூஞ்சியப் பாக்க வந்தவுக எத்தன பேரு?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கெண்டியும் இயந்திரப் பெண்ணும் பேசியதில் வராத சிரிப்பு.

"ஒடனே சேர வேண்டாம் தங்கச்சி. நல்லா விசாரி. எங்க அலுவலகத்துக்கு வந்து பாரு. பெறகு முடிவு பண்ணு."

ஒரு நிறுவனத்தை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டுமோ அப்படித்தான் அவள் தேர்ந்தெடுத்தாள். மற்ற இரண்டு நிறுவனங்களின் அலுவலகங்களையும் எட்டிப் பார்த்தாள். ஈ காக்கை இல்லை. சுற்றத்தின் அலுவலகத்தில் நிற்க இடமில்லை. பெஞ்சுகளில், தரையில், கதவு நிலையில் சாய்ந்தபடி ஆட்கள். உள்ளே அடித்த வெக்கையே அவளுக்கு நம்பிக்கை தந்தது. வலையில் சுற்றத்தைப் பற்றி எழுதியிருந்த எல்லாருமே ஐந்து விளக்கு ஏற்றியிருந்தார்கள். அங்கே உட்கார்ந்திருந்த, குடை வைத்திருந்த ஒரு பெரிய மனிதரிடமும் கேட்டாள். ஐசக் என்று பெயர், குடைக்கடை வைத்திருப்பவர்.

"இவங்கள நம்பிச் சேரலாமாண்ணே?"

"என் கடையில இப்ப நான் நிக்கதுக்கு எடம் கெடையாது தாயி" என்றார் ஐசக்.

அவர் சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. சுடர்க்கொடி ஒப்பந்தத்தில் உள்ளங்கையைப் பதித்தாள்.

மறுநாள் கடை நிறைந்தது. வந்தவர்கள் துணியைத் தடவிப் பார்த்தார்கள், அருமை என்றார்கள், ஐந்து விளக்கும் ஏற்றினார்கள். அவர்களில் ஒருவர்கூட வாழ்நாளில் மேற்பரப்புக்குப் போனவர் இல்லை. ஓர் அம்மாள் உள்ளுறையை உதறிப் பார்த்து, "தலகாணி உறை கொஞ்சம் ஒரு மாதிரியா இருக்கு, ஆனா அழகு" என்றார். முள் ஏறிக்கொண்டே போனது. அன்று மாலை மருதையன் வந்து, நெரிசலில் கைகளைப் பிணைத்துக்கொண்டு நின்று, மனைவியைப் பெருமையாகப் பார்த்தான். அவர்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவன் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று அவளுக்குத் தோன்றியது.

சில நாள் கழித்து அவளுடைய கை வளை இளஞ்சூடாகியது. 'இன்று உங்கள் மொய்: ஐசக் குடைக்கடை' என்றது.

நிலாவில் மழை கிடையாது. மேலே மேகம் இல்லை, கீழே வானமே இல்லை. ஐசக்கின் கடையில் நாற்பது நிறத்தில் குடைகள் தொங்கின. உள்ளே இருந்தவர்கள் ஆளுக்கொரு குடையை விரித்துப் பிடித்து நின்றிருந்தார்கள். ஐசக்கைக் காணோம்.

"அவரு எங்க?"

"என் கடையில இருப்பாரு" என்றாள் பக்கத்தில் இருந்த பெண். "எனக்குக் கள்ளிச்செடிக் கடை. என் பேரு ரெஜினா."

"நீங்க இங்க நின்னா, கடைய யாரு பாக்கா?"

"அதான் சொன்னேன்லா, ஐசக் அண்ணன் பாப்பாரு. அவருக்குக் கள்ளிய எப்படிப் பிடிக்கணும்னு தெரியாது. குத்திக்கிட்டே இருக்கும். பாவம், அஞ்சு விளக்கு ஏத்திட்டுத்தான் போவாரு."

சுடர்க்கொடியும் ஒரு குடையை விரித்தாள். நன்றாகத்தான் இருந்தது. ஐந்து விளக்கு ஏற்றினாள். வளை குளிரவில்லை. மூச்சின் அளவு நிறையும்வரை அது குளிராது. அதுவரை வெளியேறும் கதவும் அவளுக்குத் திறக்காது. சுற்றத்தில் சேர்ந்தவர்களின் வளையும் கதவுகளும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. மொய் எழுதாமல் பந்தியிலிருந்து நழுவுகிறவர்கள் எந்தக் காலத்திலும் உண்டல்லவா, அவர்களுக்காகச் செய்த ஏற்பாடு.

முதலில் வாரத்தில் ஒரு நாள் போனாள். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். வந்தவர்கள் அதிகமாக அதிகமாக, திருப்ப வேண்டிய மூச்சும் அதிகமாகியது. சீக்கிரத்தில் ஊருக்கே ஒரு யோசனை உதித்தது: தூங்கினாலும் மூச்சு மூச்சுதானே. பகலில் தீராத மொய்யைத் தூக்கத்தில் தீர்க்கலாம். மக்கள் தலையணையை இடுக்கிக்கொண்டு கடை கடையாகப் போகத் தொடங்கினார்கள். சுடர்க்கொடி சீப்புக் கடையில் தூங்கினாள், கடிகாரக் கடையில் தூங்கினாள், ஒருமுறை சவப்பெட்டிக் கடையில், விற்பனைக்கு வைத்திருந்த ஒன்றிலேயே, மிகவும் வசதியாகத் தூங்கினாள். அங்கும் ஐந்து விளக்கு.

தையல் மட்டும் நின்றுபோயிருந்தது. கடைக்கு அவள் போவதே இல்லை. ஒருநாள் போனபோதும் உள்ளே நுழைய முடியவில்லை. அறை தாங்கும் அளவுக்கு ஆட்கள் இருந்ததால் கதவு அவளை வரிசையில் நிற்கச் சொன்னது. வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றவர் திரும்பி, "நல்ல கடையாம். என்ன விக்காவன்னு தெரியல" என்றார்.

அன்றுதான் அவள் சுற்றத்திலிருந்து விலகிக்கொள்வது என்று முடிவெடுத்து அவர்களுடைய அலுவலகத்துக்குப் போனாள். முன்பு பார்த்தது போலவே நிற்க இடமில்லை. பெஞ்சில் ஐசக் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையெல்லாம் கள்ளிமுள் குத்திய தழும்பு.

"நீங்களும் வெலகத்தான் வந்தீங்களாண்ணே?"

"இல்ல தாயி. இன்னைக்கு எனக்கு இங்க முறை."

"இங்கயுமா?"

"இதுவும் ஒரு கடைதான? இவங்களுக்கும் மூச்சு வேண்டாமா?"

சுடர்க்கொடி சுற்றிப் பார்த்தாள். பெஞ்சில் ஆடிக்கொண்டிருந்த தலைகள், தரையில் நீட்டிய கால்கள், கதவு நிலையில் சாய்ந்திருந்த முதுகுகள். ஒவ்வொரு மணிக்கட்டிலும் வளை மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. தான் விசாரிக்க வந்த அன்று தனக்கு நம்பிக்கை தந்த வெக்கை இவர்களுடையதுதான் என்று புரிந்தது.

ஆரோக்கியசாமி அவளைத் தங்கச்சி என்றே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"வெலகலாமே. யாரு வேண்டாம்னா? நீ வாங்குன மூச்சும் கொடுத்த மூச்சும் சரிக்குச் சரியா நிக்கற அந்த நிமிசம் வெலகிக்கலாம்."

"எப்ப நிக்கும்?"

"இப்ப உன் கடையில எத்தன பேரு இருக்காவ?"

"நெறைய."

"அவுக ஒவ்வொரு மூச்சா விட்டுக்கிட்டே இருக்காவல்லா? அது உன் மேல ஏறிக்கிட்டே இருக்கும்."

"அவங்கள வெளிய போகச் சொல்லுதேன்."

"வந்த விருந்தாளியப் போகச் சொன்னா அந்த மூச்சு ரெட்டிப்பா ஏறும் தங்கச்சி. அப்படித்தான எழுதியிருக்கு? நீ படிக்கலையா?"

"நீங்க படிச்சீங்களா?"

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"நான் எங்க படிச்சேன்? ஊறுகாய்க் கடை வச்சிருந்தேன். கடைய மூடிருவாவன்னு பயந்து சேந்தேன். இங்க உக்காந்து ஆள் பிடிக்கிறதுதான் இப்ப என் மொய்."

"அப்ப இதுக்கு மொதலாளி யாரு?"

"இருந்தாரு ஒருத்தரு" என்றார் ஆரோக்கியசாமி. "அவரும் எங்கயாவது யாரு கடையிலயாவது மூச்சு விட்டுக்கிட்டு இருப்பாரு."

காலாண்டு முடிய இரண்டு நாள் இருந்தபோது மருதையனின் உள்ளுறை கிழிந்தது. அது தானாகக் கிழியவில்லை. துளைப்பானின் கொக்கி மாட்டி அக்குள் பக்கம் வாய் பிளந்துவிட்டது. அவன் அதை எடுத்துக்கொண்டு நேராக மனைவியின் கடைக்குப் போனான். அப்போது அவள் ரெஜினாவின் கள்ளிச்செடிகளுக்கு நடுவே, கையைக் காலை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள். வளையில் அவன் குரல் கேட்டது.

"ஏ சுடரு, கடையிலதான் நிக்கேன். உன் தையல் மேசை மேல ஒருத்தன் கால நீட்டிப் படுத்திருக்கான். ஊசி இருக்குன்னு சொன்னேன். பரவால்ல, அருமையா இருக்குங்கான்."

"எதுக்குப் போனீங்க?"

"உறை கிழிஞ்சிருச்சு. நாலு தையல் போட்டாப் போதும். வாயேன்."

"இப்ப வர முடியாதுங்க. வளை குளுரல. கொஞ்சம் பொறுங்க."

"ஷிப்டு இருக்குல்லா?"

"இன்னைக்கு மட்டும் இயந்திரத்துல தச்சத மாட்டிக்கிட்டுப் போங்களேன்."

அவன் வாழ்க்கையில் அவள் தைக்காத உறையைப் போட்டதில்லை. "சரி, இதையே போட்டுக்கிட்டுப் போறேன்" என்றான். அவள் எழுந்து கதவைத் தள்ளிப் பார்த்தாள். திறக்கவில்லை. இரண்டு கையாலும் தள்ளினாள். ஒரு கள்ளி சரிந்து விழுந்தது. உள்ளே இருந்தவர்கள் அவளை இரக்கத்தோடு பார்த்தார்கள். அவர்கள் எல்லாருமே ஒருநாள் ஏதோ ஒரு கதவைத் தள்ளிப் பார்த்தவர்கள்தான்.

அன்று மாலை மருதையனைப் பாதி வேலையில் தூக்கி வந்தார்கள். அக்குளிலிருந்து விலா வரைக்கும் தோல் இல்லை. மருந்து போட்டுக் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். வகுப்பில் கேள்வி கேட்கப்போகிற பையனைப் போலக் கையை உயர்த்தியபடியே படுத்திருந்தான்.

"வலிக்குதா?"

"இல்ல. கைய எறக்குனாத்தான்."

சுடர்க்கொடி ஊசியை எடுத்தாள். இரண்டு கட்டிலுக்கும் நடுவே குந்தி உட்கார்ந்து, பல நாள் கழித்து நூல் கோத்தாள். விரல்கள் தடுமாறின, பிறகு பழகிக்கொண்டன. நாலாவது தையலில் வளை சூடானது. அவள் நிறுத்தவில்லை. சூடு ஏறியது. கிழிந்ததை ஒட்டுப்போட்டு, மடித்து, திரும்ப ஒருமுறை ஓட்டினாள். மணிக்கட்டு சிவந்துவிட்டது.

"போயிட்டு வா, கை வெந்துரும்" என்றான் மருதையன், உயர்த்திய கையை அசைக்காமல். "இன்னும் ரெண்டு நாளுதான? கடை நெலச்சிரும்லா?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். தலையணையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

காலாண்டு முடிந்த அன்று காற்றவையின் குரல் எல்லார் வளையிலும் ஒரே நேரத்தில் கேட்டது. குரலில் கனிவு இருந்தது. ஊரின் வரலாற்றில் முதல்முறையாக ஒரு கடைகூட மூடப்படவில்லை என்று வாழ்த்தியது. சுடர்க்கொடியின் கடை அவற்றுள் மிகச் சிறந்த சிலவற்றில் ஒன்று, அதற்கான காற்று கூட்டித் தரப்படும். அவள் அப்போது நின்றுகொண்டிருந்த மெழுகுவர்த்திக் கடையில் எல்லாரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். சிலர் அழுதார்கள். அவளும் அழுதாள். கடை பிழைத்துவிட்டது. இனி யாரும் அதற்குள் பாறைத்தூளைக் கொட்ட முடியாது.

காற்றவை முடிக்கவில்லை.

கடைகளுக்குக் கூடுதல் காற்று தேவைப்படுவதால் மூச்சு குறைந்த மற்ற அறைகளிலிருந்து அதை எடுக்க வேண்டியிருக்கிறது என்றது. ஊரிலேயே மிகக் குறைந்த மூச்சு பதிவாகியிருப்பவை வீடுகள். பல வீடுகளில் வாரக்கணக்கில் யாருமே இல்லை. பிறகு அவளுக்கு மட்டும் தனியாகச் சொன்னது: உங்கள் வீட்டில் ஒருவர் மட்டும் மூச்சு விட்டிருக்கிறார், கடைசி இரண்டு நாள் கையை உயர்த்தியபடி. அது போதவில்லை. வருந்துகிறோம்.

அவள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது குழாய் முழுக்க ஆட்கள் நின்றார்கள். கட்டில்கள், பாத்திரங்கள், தொட்டில்கள் எல்லாம் வெளியே வந்திருந்தன. கதவுகள் அடைபடும் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. மருதையன் தன் கட்டிலின் மேல், கை உயர்த்தியபடி, குழாயின் நடுவில் உட்கார்ந்திருந்தான்.

"இனி எங்கங்க போறது?"

"ஒரு வழி இருக்காம்" என்றான். "ஆரோக்கியசாமி இப்பதான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டுப் போறாரு. வீட்டையும் கடைன்னு பதிஞ்சிட்டா காத்து திரும்ப வருமாம்."

"வீட்டக் கடைன்னு பதிஞ்சு, என்னத்த விக்கிறதுன்னு எழுத?"

"ஒண்ணும் விக்க வேண்டாமாம். வர்றவுக சும்மா உக்காரலாம், படுக்கலாம். அதுதான் விசேஷமாம்."

"நாம?"

"நம்ம மூச்சு கணக்குல வராதே. கடைக்காரங்கல்லா?"

வேறு வழி இருந்ததாக யாருக்கும் தோன்றவில்லை. ஒரு வாரத்துக்குள் குழாயூரின் வீடுகள் எல்லாம் கடைகளாயின. எந்த நிறுவனத்தின் வழியாக விளம்பரம் செய்வது என்ற கேள்வி எழவே இல்லை. கதவுகள் திறந்தன, காற்று திரும்பியது, விருந்தாளிகள் வந்து குடியேறினார்கள். மருதையனை நாலாம் குழாயில் ஒரு வீட்டுக்கு அனுப்பியது வளை. சுடர்க்கொடியை ஆறாம் குழாயில் இன்னொரு வீட்டுக்கு.

அழகான வீடு. சுவரில் ஒரு குடும்பத்தின் படம் மாட்டியிருந்தது. கணவன், மனைவி, நடுவில் ஒரு பெண் குழந்தை. மூவரும் ஏதோ ஒரு நகைச்சுவைக்கு அப்போதுதான் சிரித்து முடித்தது போல இருந்தார்கள். சமையலறையில் முன்பின் தெரியாத ஒருவர் யாருடைய பாத்திரத்திலோ தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். கட்டிலில் இரண்டு பேர் தூங்கினார்கள். ரெஜினா ஜன்னல் போல வரைந்திருந்த சுவரோரம் உட்கார்ந்து படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சந்தோசமான குடும்பம் பாரு" என்றாள். "குடுத்து வச்சவங்க."

"எங்க இருக்காங்க இவங்க?"

"யாரு கண்டா? ஆளுக்கொரு வீட்டுல இருப்பாங்க."

சுடர்க்கொடி படத்துக்கு ஐந்து விளக்கு ஏற்றினாள். அப்போது வளையில் மருதையன் அழைத்தான்.

"ஏ சுடரு, கைய எறக்கிட்டேன். இன்னைக்குத்தான். வலிக்கல."

"நெசமாவா?"

"ஆமா. நான் இருக்க வீட்டுல இப்ப கதவு தெறந்திருக்கு. கொஞ்ச நேரந்தான் தெறந்திருக்கும். உன் கதவும் தெறந்திருக்கான்னு பாரேன். குழாய் முக்குல நின்னு ரெண்டு வார்த்த பேசலாம்."

அவள் எழுந்தாள். கதவைத் தொட்டாள். அது வழுக்கிக்கொண்டு திறந்தது. வெளியே ஆளில்லாத குழாயில் விளக்கொளி நீண்டு கிடந்தது. ஒரு காலை வெளியே வைத்தாள்.

அந்த நேரத்தில் வளை ஒருமுறை இனிமையாக ஒலித்தது. அவளும் மருதையனும் வாழ்ந்த வீட்டைப் பற்றி யாரோ எழுதியிருந்தார்கள். 'சின்ன வீடுதான். ஆனால் இரண்டு கட்டிலுக்கு நடுவே உட்கார்ந்தால் இதமாக இருக்கிறது. இங்கே வாழ்ந்தவர்கள் ஒருவரையொருவர் மிகவும் விரும்பியிருக்க வேண்டும்.' ஐந்து விளக்கு.

சுடர்க்கொடிக்கு நெஞ்சு பொங்கியது. அப்படியே நின்றுவிட்டாள்.

"சுடரு? கெளம்பிட்டியா?"

"இந்தா வாரேங்க" என்றாள், வளையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒரு நிமிசம். இன்னொருத்தரும் ஏத்துறாரு போல இருக்கு."

அவளுக்குப் பின்னால் கதவு மெல்ல நகரத் தொடங்கியது. வெளியே வைத்திருந்த காலை, இடிபடாமல் இருக்க, அவள் உள்ளே எடுத்துக்கொண்டாள்.